மையக்கூற்று நிற்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஆய்வுக் கட்டுரை வரைவுகளைப் படித்துக் குறிப்பு எழுதித் தருவது என் வேலை. துறை எதுவானாலும் ஒரே பழுது திரும்பத் திரும்ப வருகிறது. தகவல் நிறைய இருக்கும், மேற்கோள்கள் ஒழுங்காக இருக்கும்; எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்பது மட்டும் பிடிபடாது. நெறியாளர் ஓரத்தில் "உங்கள் வாதம் என்ன?" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பார். மாணவர், கட்டுரையின் வாதத்தைச் சுருக்கிச் சொல்லும், தீசிஸ் ஸ்டேட்மெண்ட் எனப்படும் அந்த மையக்கூற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, இரவெல்லாம் சொற்களை மாற்றி மாற்றிப் பார்ப்பார். பெரும்பாலும் பலன் இருக்காது. பழுது கண்ணில் படுவது அந்த வாக்கியத்தில்தான். ஆனால் அதன் வேர் கேள்வியிலோ, சான்றிலோ, கட்டுரையின் உடற்பகுதியிலோ இருக்கும். வேரைக் கண்டுபிடித்துவிட்டால் வாக்கியம் அதிகம் படுத்தாது.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிட வேலை முதலில் வரும், பக்கங்களை மறுபடி எழுத வேண்டிய வேலை கடைசியில் வரும். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போங்கள். முதல் சோதனையிலேயே சரியாகிவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்

ஒரு தனித்தாளில் மூன்றை மட்டும் எழுதுங்கள். மேலே, இப்போதிருக்கும் மையக்கூற்று, ஒரு எழுத்துகூட மாற்றாமல். அதன் கீழே, கட்டுரை விடை தேடும் கேள்வி, கேள்விக்குறியோடு. அதற்கும் கீழே, உங்களிடம் உள்ள சான்றுகளில் மிக வலுவான மூன்று. இந்தத் தாள் கடைசி வரை கூடவே இருக்கட்டும். மூன்றில் ஒன்றை எழுதவே முடியவில்லை என்றால், பழுது எங்கே என்பதற்கு அதுவே பாதி விடை.

இன்னொன்றையும் பாருங்கள்: உங்கள் கட்டுரைக்கு மையக்கூற்று தேவைதானா? ஆய்வகச் செய்முறை அறிக்கைக்கு வாதம் வேண்டாம். சோதனை வழி ஆய்வுகளில் கருதுகோளும் முடிவும் அந்த வேலையைச் செய்துவிடும். தரப்பட்ட வினாவில் "விவரி", "தொகுத்துத் தருக" என்று மட்டும் இருந்தால் பொருளைத் தெளிவாகச் சொல்லும் ஒரு வாக்கியம் போதும். "மதிப்பிடுக", "விவாதிக்க", "எந்த அளவுக்கு" என்ற சொற்கள் இருந்தால் நிலைப்பாடு கட்டாயம். வினாவை மறுபடி படித்தே சரியான வரைவுகள் உண்டு.

எடுத்துக்காட்டுக்கு ஒரே நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். 1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. பத்தே நாளில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நோய் கெட்ட காற்றால் வருகிறது என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பிய காலம் அது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் பிராட் தெருவின் அடிகுழாய்த் தண்ணீரைச் சந்தேகித்து, வீடு வீடாக விசாரித்தார். அவர் பேச்சைக் கேட்டு உள்ளூர் நிர்வாகம் செப்டம்பர் 8 அன்று அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றியது. பொதுச் சுகாதாரம், வரலாறு, புவியியல், புள்ளியியல் என்று எந்தத் துறை மாணவரும் எழுதக்கூடிய பொருள் இது. எல்லாப் பழுதுகளையும் இதன் மேல் வைத்துக் காட்டலாம்.

அறிகுறி 1: மையக்கூற்று எங்கே என்று படிப்பவருக்குத் தெரியவில்லை

முதல் சோதனை: துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் முன்னுரையைக் கொடுத்து, மையக்கூற்று என்று தோன்றும் வாக்கியத்தை அடிக்கோடிடச் சொல்லுங்கள். நீங்கள் நினைத்த வாக்கியத்துக்கே கோடு விழுந்தால் இந்த அறிகுறி உங்களுக்கு இல்லை, அடுத்ததற்குப் போங்கள்.

வேறு வாக்கியத்துக்குக் கோடு விழுந்தால்: பெரும்பாலும் இடம்தான் சிக்கல். பத்தியின் நடுவில், இரண்டு மேற்கோள்களுக்கு இடையே புதைந்திருக்கும். முன்னுரையின் கடைசிக்கு நகர்த்துங்கள். நீண்ட ஆய்வேட்டில் முன்னுரையே பல பக்கம் ஓடும் என்பதால், சிக்கலை விளக்கி முடித்த உடனே வருவது நல்லது.

எங்கேயும் கோடு விழவில்லை என்றால்: முடிவுரையைத் திறந்து அதன் முதல் பத்தியைப் படியுங்கள். நான் பார்க்கும் வரைவுகளில் மிக அதிகமாக வருவது இதுதான். எழுதி முடிக்கும்போதுதான் தான் என்ன நினைக்கிறோம் என்பது எழுதுபவருக்கே தெளிவாகிறது. அந்தத் தெளிவு முடிவுரையில் நின்றுவிடுகிறது, முன்னுரை மட்டும் முதல் நாள் எழுதிய மாதிரியே கிடக்கிறது. அந்த வாக்கியத்தை அப்படியே தூக்கி முன்னால் வையுங்கள். முடிவுரைக்கு வேறு எழுதிக்கொள்ளலாம். பத்து நிமிடத்தில் கட்டுரையின் முகமே மாறிவிடும்.

முடிவுரையிலும் இல்லை என்றால்: தொலைந்தது வாக்கியம் இல்லை, விடை இன்னும் பிறக்கவில்லை. அறிகுறி 2-இன் மூன்றாம் காரணத்துக்குப் போங்கள்.

அறிகுறி 2: "இக்கட்டுரை ... ஆராய்கிறது" என்று முடிகிறது

"1854 சோஹோ காலரா பரவலையும் அதில் ஜான் ஸ்னோவின் பங்களிப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது." இலக்கணம் சரி, பொருளும் தெரிகிறது. ஆனால் ஆராய்ந்து கண்டது என்ன?

எளிய காரணம், பழக்கம். விடை கையில் இருக்கிறது. அறிவிப்பு மட்டும் முன்னால் வந்து நிற்கிறது. "ஆராய்கிறது", "விளக்க முற்படுகிறது", "குறித்துப் பேசுகிறது" ஆகியவற்றை வெட்டிவிட்டு, "ஆராய்ந்ததில் தெரியவருவது" என்று தொடங்கி வாக்கியத்தை முடியுங்கள். முடித்த பிறகு அந்தத் தொடக்கத்தையும் வெட்டுங்கள். மிஞ்சுவது மையக்கூற்று. சில துறைகளிலும் இதழ்களிலும் "இக்கட்டுரை வாதிடுகிறது" என்ற வடிவத்தை விரும்பிக் கேட்பார்கள். அங்கே அது இருக்கட்டும். அதனோடு உண்மையான வாதமும் இருந்தால் போதும்.

அடுத்த காரணம், கேள்வி மங்கலாக இருப்பது. தாளில் எழுதிய கேள்வியைப் பாருங்கள். "ஸ்னோவின் பங்களிப்பு என்ன?" என்று இருந்தால் அதற்குப் பட்டியல்தான் விடையாக வரும். "சக மருத்துவர்கள் ஏற்காத ஒரு கருத்தை ஸ்னோ எந்தச் சான்றைக் கொண்டு தாங்கிப் பிடித்தார்?" என்று கேட்டால் விடை ஒரு நிலைப்பாடாக வரும். "என்ன" என்பதை "ஏன்", "எப்படி", "எந்த அளவுக்கு", "எது முதன்மை" என்று மாற்றிப் பாருங்கள். வாக்கியத்தைத் தொடவே வேண்டாம், கேள்வியை மட்டும் மாற்றுங்கள்.

கூடுதல் செலவு பிடிக்கும் காரணம், கேள்வியே இல்லாமல் இருப்பது. பொருள் பிடித்திருந்தது, படித்தீர்கள், குறிப்பெடுத்தீர்கள். அப்படியானால் குறிப்புகளுக்குத் திரும்பிப் போய், படிக்கும்போது உங்களை நிறுத்திய இடங்களைத் தேடுங்கள். இரண்டு நூல்கள் ஒன்றுக்கொன்று மாறாகச் சொன்ன இடம். எதிர்பார்த்த எண் வராத இடம். எல்லோரும் சொல்கிறார்கள், ஆதாரம் மட்டும் காணோம் என்று தோன்றிய இடம். காலரா பொருளில் அப்படி ஓர் இடம் இருக்கிறது: ஸ்னோ வரைபடம் வரைந்தார், அதைப் பார்த்துக் கைப்பிடியைக் கழற்றினார்கள் என்று பல இடங்களில் படிக்கலாம். வரைபடம் பொதுப் பார்வைக்கு வந்ததோ கைப்பிடி கழன்று மாதங்கள் ஆன பிறகு. இந்த முரணில் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தத் தேடலுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், வீண்போகாது.

அறிகுறி 3: படித்தவர் "சரிதான்" என்று தலையாட்டிவிட்டு நகர்கிறார்

"சுத்தமான குடிநீர் மக்கள் நலத்துக்கு இன்றியமையாதது." இதை யாரும் மறுக்கமாட்டார்கள். மறுக்க ஆளில்லாத கூற்றை நிறுவப் பதினைந்து பக்கம் தேவையில்லை. ஆய்வுக் கட்டுரையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சோதனை: கூற்றை எதிர்மறையாக்கி எழுதுங்கள். விவரமறிந்த ஒருவர், கையில் சான்றோடு, அந்த எதிர்மறையை ஆதரித்துப் பேச முடியுமா? முடியும் என்றால் தேறியது. "சுத்தமான குடிநீர் தேவையில்லை" என்று வாதிட ஆளில்லை, ஆகவே தேறவில்லை.

காரணம் ஒன்று, மதிப்புச் சொற்கள். "முக்கியமான", "சிறப்பான", "பெரும் தாக்கம் ஏற்படுத்திய", "குறிப்பிடத்தக்க" போன்றவை வாதத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வாதம் இருப்பதுபோல் தோற்றம் தரும். ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, "எதனால்? யாருக்கு? எப்படி?" என்று கேட்டு, வரும் விடையை அந்த இடத்தில் எழுதுங்கள். "ஸ்னோவின் ஆய்வு பெரும் தாக்கம் ஏற்படுத்தியது" என்பது, "நோயாளியின் உடலைப் பார்ப்பதோடு நில்லாமல், நோய் வராதவர்களையும் எண்ணிப் பார்க்கும் பழக்கத்துக்கு ஸ்னோவின் ஆய்வு முன்மாதிரியானது" என்று மாறும். இனி ஒருவர் "அதற்கு முன்பே அப்படி எண்ணியவர்கள் இருந்தார்கள்" என்று எதிர்க்கலாம். எதிர்க்க இடமிருப்பதால் கட்டுரைக்கும் வேலை இருக்கிறது.

காரணம் இரண்டு, கூற்று வெறும் உண்மையாக இருப்பது. "1854 செப்டம்பர் 8 அன்று கைப்பிடி அகற்றப்பட்டது." இது சான்று. சான்றை மையக்கூற்றின் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறீர்கள். "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று ஒரு தடவை கேளுங்கள், வரும் விடையிடம் மறுபடியும் கேளுங்கள். வழக்கமாக இரண்டாவது விடையில் வாதம் கிடைத்துவிடும்.

காரணம் மூன்று, இருபக்கமும் சாய்வது. "இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு." நடுநிலை என்று நினைத்து எழுதுகிறார்கள். நடுநிலை என்பது எடை போட்ட பிறகு வருவது. இங்கே தராசே எடுக்கவில்லை. எந்த நிலையில் நன்மை மிகும், எந்த நிலையில் தீமை மிகும் என்று நிபந்தனையோடு சொல்லுங்கள். நிபந்தனையும் ஒரு நிலைப்பாடுதான்.

ஒப்பீட்டுக் கட்டுரைகளில் இதே பழுது "இரண்டுக்கும் ஒற்றுமைகளும் வேற்றுமைகளும் உள்ளன" என்ற வடிவில் வரும். ஓசோன் படலத்துக்கான 1987 மான்ட்ரியல் நெறிமுறையையும், காலநிலைக்கான 1997 கியோட்டோ நெறிமுறையையும் ஒருவர் ஒப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றுமையை முன்னால் தள்ளி, அதற்குள் வேற்றுமையைத் தேடினால் வாதம் வரும்: "இரண்டுமே வளரும் நாடுகளுக்குச் சலுகை தந்தன. மான்ட்ரியல் தந்தது கால அவகாசம், கியோட்டோ தந்தது இலக்கிலிருந்தே விலக்கு; பின்னாளில் எல்லா நாடுகளையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவது முன்னதில் எளிதாகவும் பின்னதில் கடினமாகவும் ஆனதற்கு இந்த வேறுபாடு முதன்மைக் காரணம்." இதை மறுக்க நினைப்பவர், குளிர்பதன வாயுக்களுக்கு மாற்று கிடைத்ததுபோல் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் எளிதில் மாற்று கிடைக்கவில்லை என்று வாதிடுவார். நல்ல எதிர்வாதம் அது. அதற்குக் கட்டுரையில் பதில் சொல்லியாக வேண்டும்.

காரணம் நான்கு, இது கொஞ்சம் வலிக்கும்: பிறர் ஏற்கெனவே நிறுவிவிட்டதையே நீங்களும் நிறுவுகிறீர்கள். கூற்று நன்றாகவே இருக்கும், துறைக்குள் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும். அண்மைக் காலக் கட்டுரைகள் மூன்றை எடுத்து, அவற்றின் முடிவுரையில் "இனி ஆராய வேண்டியவை" என்ற பகுதியைப் படியுங்கள். உங்கள் சான்று அந்த இடைவெளிகளில் எதையாவது தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் கூற்றை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். எதையும் தொடவில்லை என்றால் நெறியாளரிடம் போகும் நேரம் வந்துவிட்டது.

அறிகுறி 4: கூற்று பரந்து கிடக்கிறது, பக்கம் போதவில்லை

"வரலாறு முழுவதும்", "மனித குலம்", "இன்றைய சமூகம்", "உலகெங்கும்" ஆகிய சொற்கள் இருந்தால் சந்தேகப்படுங்கள். பத்துப் பக்கக் கட்டுரை உலகைச் சுமக்காது.

எளிய திருத்தம்: யார், எங்கே, எப்போது, எதன் வழியாக என்ற நான்கில் குறைந்தது இரண்டைக் கூற்றுக்குள் கொண்டுவாருங்கள். "தொற்றுநோய்கள் மருத்துவச் சிந்தனையை மாற்றின" என்பதை, "1854 சோஹோ பரவலில் ஸ்னோ முன்வைத்த சான்றுகள், கெட்ட காற்றுக் கோட்பாட்டை உடனே வீழ்த்தவில்லை" என்று இறக்கினால் இடமும் காலமும் ஆளும் வந்துவிட்டன. "எதன் வழியாக" என்பது நான்கில் கடினமானது, ஆனால் அதிகப் பலன் தருவது. காரணம் விளைவு இரண்டுக்கும் நடுவில் நடந்தது என்ன என்று சொல்லும் கூற்று தானாகவே குறுகிவிடும்.

குறுக்கிய பிறகும் பக்க அளவைத் தாண்டினால் இரண்டு கட்டுரைகள் ஒன்றில் சிக்கியிருக்கின்றன. தாளில் உள்ள மூன்று சான்றுகளும் ஒரே கூற்றைத் தாங்குகின்றனவா என்று பாருங்கள். ஒன்று வேறு பக்கம் இழுத்தால் அதை எடுத்து அடுத்த கட்டுரைக்கு வையுங்கள். அழிக்க வேண்டாம்.

எதிர்ப் பழுதும் உண்டு. ஒரே ஒரு தெரு, ஒரே ஒரு நாள் என்று சுருக்கி, சான்று இரண்டு பத்தியிலேயே தீர்ந்துபோகும். அப்போது இடத்தையோ காலத்தையோ ஒரு படி மட்டும் விரியுங்கள்.

அறிகுறி 5: மூன்று காரணம், மூன்று பகுதி, ஒட்டவே இல்லை

"ஸ்னோவின் வாதம் வலுவானது, ஏனெனில் அவர் வரைபடம் வரைந்தார், மக்களை விசாரித்தார், புள்ளிவிவரம் சேகரித்தார்." பள்ளியில் கற்ற ஐந்து பத்திக் கட்டுரையின் எலும்புக்கூடு இது. குறுகிய தேர்வு விடைக்குப் போதும். ஆய்வுக் கட்டுரையில் மூன்று பகுதிகளும் ஒன்றையொன்று தெரியாத அண்டை வீட்டார்போல் நிற்கும்.

சோதனை: மூன்று பகுதிகளின் வரிசையை மாற்றிப் படியுங்கள். எந்த வரிசையிலும் ஒரே மாதிரி ஓடினால், இருப்பது பட்டியல்.

சரிசெய்ய, காரணங்களுக்கிடையே உறவு தேடுங்கள். எது இல்லாவிட்டால் மற்றவை சரியும்? எது வெளிப்படையாக வலுவாகத் தெரிந்து, உண்மையில் அவ்வளவு வலுவில்லாதது? காலரா எடுத்துக்காட்டில் உட்கார்ந்து யோசித்தால் இப்படி வரும். வரைபடத்தில் இறப்புகள் குழாயைச் சுற்றி மொய்க்கின்றன. கெட்ட காற்றுக் கோட்பாட்டாரும் "அங்கேதான் காற்று கெட்டிருந்தது" என்று சொல்லிவிடலாம். வரைபடம் இருவருக்கும் ஒத்துப்போகிறது. விதிவிலக்குகள் அப்படி இல்லை. பக்கத்திலிருந்த ஏழைகள் இல்லத்தில் 535 பேர் இருந்தார்கள், காலராவில் இறந்தவர் ஐந்தே பேர்; அங்கே தனிக் கிணறு இருந்தது. அதே தெருவின் பீர் வடிப்பாலையில் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள். யாரும் காலராவில் இறக்கவில்லை, அவர்கள் அந்தக் குழாய்ப் பக்கமே போகவில்லை. தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் குடியிருந்த ஒரு மூதாட்டி, பிராட் தெருத் தண்ணீரின் சுவை பிடித்துப்போய்த் தினமும் வரவழைத்துக் குடித்தார், இறந்தார். காற்று எல்லோருக்கும் பொது, தண்ணீர்தான் வேறு.

இப்போது மையக்கூற்று: "பிராட் தெருப் பரவலில் ஸ்னோவின் வாதத்துக்கு வரைபடம் முகம் தந்தது, விதிவிலக்குகள் முதுகெலும்பு தந்தன. குழாயருகே இருந்தும் பிழைத்தவர்களையும் தொலைவில் இருந்தும் இறந்தவர்களையும் காற்றுக் கோட்பாட்டால் விளக்க முடியவில்லை." பகுதிகளின் வரிசை தானே அமைந்துவிட்டது: முதலில் வரைபடம், பிறகு அதன் போதாமை, பிறகு விதிவிலக்குகள். வரிசையை மாற்றினால் கட்டுரை உடையும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

அறிகுறி 6: கூற்று ஒன்று சொல்கிறது, உடற்பகுதி வேறு சொல்கிறது

சோதனை: ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அந்தப் பத்தி சொல்வதை ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு மையக்கூற்றைப் படித்து, "ஏனெனில்" என்று சொல்லி, ஒவ்வொரு வரியையும் சேர்த்துப் படியுங்கள். ஒட்டாத வரிகளுக்குக் கேள்விக்குறி போடுங்கள். இதற்கு மாற்றாக ஒரு சுருக்குவழியை நான் இன்னும் காணவில்லை. உட்கார்ந்து செய்துதான் ஆக வேண்டும்.

ஒன்றிரண்டு கேள்விக்குறிதான் என்றால், அந்தப் பத்திகளை நீக்குங்கள், அல்லது கூற்றோடு இணைக்கும் ஒரு வாக்கியத்தைப் பத்தியின் தலையில் வையுங்கள். பின்னணித் தகவல் பத்திகள் ஒட்டாமல் நிற்பது இயல்பு; அவற்றை விட்டுவிடலாம்.

பின்பாதி முழுவதும் கேள்விக்குறி என்றால், எழுத எழுத உங்கள் எண்ணம் வளர்ந்திருக்கிறது. இது நல்ல செய்தி. பின்பாதியின் ஓர வரிகளை மட்டும் சேர்த்துப் படித்து, அவை என்ன வாதத்தைத் தாங்குகின்றன என்று பாருங்கள். அதை மையக்கூற்றாக எழுதி, முன்பாதியை அதற்கேற்பத் திருத்துங்கள். நான் பார்த்தவரை பின்பாதியில் பிறந்த கூற்றே பெரும்பாலும் மேலானது.

சான்றே கூற்றுக்கு எதிராக நின்றால் செலவு மிகுதி. வேறு வழியும் இல்லை: கூற்றை மாற்றுங்கள். சான்றைக் குறைத்துக் காட்டவோ, அடிக்குறிப்பில் ஒளிக்கவோ கூடாது. அதே சோஹோவில் ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியார் இருந்தார். ஸ்னோவின் கருத்து தவறு என்று காட்டுவதற்காகவே வீடு வீடாக விசாரிக்கத் தொடங்கினார். தகவல் சேரச் சேர அது ஸ்னோவின் பக்கமே சாய்ந்தது. அவர் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். அதோடு நிற்காமல், பரவலின் தொடக்கமாக இருக்கக்கூடிய குழந்தையின் வீட்டையும் கண்டுபிடித்தார்; அது குழாயை ஒட்டியே இருந்தது. கூற்றைக் கைவிட்டதால் அவர் ஆய்வு கெடவில்லை.

அறிகுறி 7: "மிகைப்படுத்துகிறீர்கள்" என்று குறிப்பு வருகிறது

முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள். "நிரூபிக்கிறது", "ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்கிறது" என்று இருந்தால் "காட்டுகிறது", "சுட்டுகிறது", "வலுப்படுத்துகிறது" ஆகியவற்றில் சான்றுக்கு ஏற்றதை எடுங்கள். பல வேளை இந்த ஒரு மாற்றமே போதும்.

அடுத்து "எல்லா", "எப்போதும்", "மட்டுமே". ஒரே விதிவிலக்கு இவற்றைக் கவிழ்த்துவிடும்.

அதன் பிறகும் குறிப்பு வந்தால், உடன் நிகழ்ந்ததைக் காரணம் என்று எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். "கைப்பிடியைக் கழற்றியதால் காலரா நின்றது" என்பது அப்படிப்பட்ட கூற்று. மக்கள் அந்தப் பகுதியை விட்டு ஓடிவிட்டதால், கைப்பிடி கழற்றப்படுவதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கிவிட்டது என்று ஸ்னோவே எழுதியிருக்கிறார். தனக்குச் சாதகமான கதையையே அவர் அளந்துதான் சொன்னார். காரணத்தை வலுவாகச் சொல்ல விரும்பினால் ஒப்பிட இரண்டு குழுக்கள் வேண்டும். லண்டனின் தெற்கில் அவருக்கு அது கிடைத்தது. ஒரே தெருக்களில் இரண்டு நிறுவனங்கள் தண்ணீர் தந்தன, லாம்பெத் நிறுவனம் 1852-இல் தேம்ஸின் மேற்பகுதிக்கு மாறி, நகரக் கழிவு கலக்காத நீரை எடுத்தது, மற்றது மாறவில்லை. 1854-இல் பத்தாயிரம் வீடுகளுக்கு லாம்பெத் தண்ணீரில் 37 இறப்பு, மற்றதில் 315. இப்படிப்பட்ட சான்று கையில் இருந்தால் கூற்றை உரக்கவே சொல்லலாம்.

அளவுக்கு மீறிய அடக்கமும் பழுதுதான். "ஓரளவுக்குச் சில வேளைகளில் பங்களித்திருக்கக் கூடும் எனக் கருத இடமுண்டு." ஒரு வாக்கியத்தில் ஓர் ஐயச்சொல் போதும்.

அறிகுறி 8: கருத்து சரி, வாக்கியம் மூச்சு வாங்குகிறது

உரக்கப் படியுங்கள். நடுவில் மூச்சு விட வேண்டியிருந்தால் இந்த அறிகுறி உண்டு. தமிழில் முற்றுவினை கடைசியில் வருவதால், எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால் ஆமா இல்லையா என்று தெரியவே படிப்பவர் வாக்கியத்தின் கடைசிவரை காத்திருக்க வேண்டும்.

மையக்கூற்று ஒரே வாக்கியமாக இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எதிர்த்தரப்பு சொல்வதையோ பொது நம்பிக்கையையோ முதல் வாக்கியத்தில் முடித்துவிட்டு, உங்கள் கூற்றை இரண்டாவதாக, குறுகிய வாக்கியமாக வையுங்கள். "எனக் கருதப்படுகிறது", "என அறியப்படுகிறது" என்று வந்தால், கருதுவது யார் என்று எழுதுங்கள். கருதுவது நீங்கள்தான் என்றால் அந்தத் தொடரே வேண்டாம்.

எப்போது பிறரிடம் போக வேண்டும்

மேற்சொன்ன திருத்தங்களை இரண்டு முறை செய்தும் அதே குறிப்பு திரும்பி வந்தால், மூன்றாவது முறை தனியாக முயல வேண்டாம், நெறியாளரைப் பாருங்கள். பதிவுசெய்த தலைப்பையோ ஒப்புதல் பெற்ற ஆய்வுச் சுருக்கத்தையோ மாற்ற வேண்டிய நிலை வந்தால், ஒரு வரிகூட மாற்றி எழுதும் முன் அவரிடம் பேசிவிடுங்கள். அதற்கு நிறுவன விதிமுறைகள் இருக்கும். இந்த வாதத்தை முன்பே யாராவது சொல்லிவிட்டார்களா என்பது தெரியவில்லை என்றால் நூலகரைக் கேளுங்கள். நீங்கள் வாரக்கணக்கில் தேடுவதை அவர் சரியான தரவுத்தளத்தில் விரைவில் எடுத்துத் தருவார். கூற்று எண்களின் மேல் நின்று, அந்த எண்களுக்குச் சரியான பகுப்பாய்வு எது என்று தெரியவில்லை என்றால் புள்ளியியல் தெரிந்தவர் தேவை; தரவு திரட்டும் முன்பே அவரைப் பார்த்துவிடுவது நல்லது, திரட்டிய பிறகு அவரால் செய்யக்கூடியது குறைவு. அறிகுறி 8 மட்டும் மிஞ்சியிருந்தால் மொழித் திருத்துநர் போதும். சொல்லை அவர் திருத்தலாம். வாதத்தை வேறொருவர் எழுதித் தருவது கல்வி நேர்மைக்கு எதிரானது, பிடிபட்டால் பட்டமே போகலாம்.

யாரிடம் போனாலும் முழு வரைவை நீட்டி "சரியா பாருங்க சார்" என்று கேட்காதீர்கள். அந்தத் தனித்தாளைக் கொண்டுபோங்கள்: பழைய கூற்று, திருத்திய கூற்று, கேள்வி, மூன்று சான்றுகள். "எதிர்மறைச் சோதனையில் தேறியது, ஆனால் இரண்டாவது சான்று ஒட்டவில்லை" என்பதுபோல் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று ஒரே வரியில் சொல்லுங்கள். கேள்வியை மாற்ற வேண்டுமா, சான்றைக் கூட்ட வேண்டுமா என்ற முடிவை அந்தச் சந்திப்பிலேயே கேட்டு, தாளின் கீழே தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.